தபாலில் மட்டும் விண்ணப்பிக்கவும்: ஃபேஸ்புக் பெர்ம் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் 3ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்தது. 2,600க்கும் மேற்பட்ட பணியிடங்களை, தற்காலிக விசாவில் ஏற்கெனவே தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, தகுதியுள்ள அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு வாய்ப்பை மறுத்தது என்பது குற்றச்சாட்டு. அந்த இடங்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 1,56,000 டாலர். 2018 ஜனவரி 1 முதல் குறைந்தது 2019 செப்டம்பர் 18 வரை நடந்த ஆட்சேர்ப்பை நீதித் துறை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அலசிவிட்டுத்தான் இந்த மனுவைப் போட்டது.

மனுவில் ஒரு கணக்கு இருந்தது. நிரந்தரக் குடியிருப்பு உரிமையான கிரீன் கார்டுக்கு ஊழியரை ஸ்பான்சர் செய்ய, ‘பெர்ம்’ என்ற நடைமுறைப்படி ஃபேஸ்புக் விளம்பரம் கொடுத்த பணியிடங்களில் 99.7 விழுக்காட்டுக்கு வந்த அமெரிக்க விண்ணப்பங்கள் பூஜ்யம் அல்லது ஒன்று. அதே காலத்தில், அதேபோன்ற வேலைகள் நிறுவனத்தின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் வெளியானபோது ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் நூறும் அதற்கு மேலுமாக விண்ணப்பங்கள் வந்தன. வேலை ஒன்றே, ஊரும் ஒன்றே. கதவு மட்டும் வேறு.

சட்டம் பட்டியலிட்ட ஆட்சேர்ப்புப் படிகளை ஃபேஸ்புக் செய்யாமல் விட்டது என்று நீதித் துறை வழக்குப் போடவில்லை. தொழிலாளர் துறையின் விதிகளுக்கு உட்பட்டே நடந்ததாக நிறுவனம் கடைசிவரை சொன்னது. அப்படியானால் எங்கே இடறியது? வெளிநாட்டு ஊழியருக்கு நிரந்தரக் குடியிருப்பு வாங்கித்தர நினைக்கும் எந்த நிறுவனமும், சிறியதோ பெரியதோ, இதற்கு விடை தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஏனென்றால் பிழை நிறுவனத்துடையது என்றாலும், பத்து பதினைந்து ஆண்டு வரிசையில் நிற்பவர் ஊழியர்தான். அந்த வரிசையில் நம்மவர்கள் ஏராளம்.

பெர்ம் என்கிற சந்தைச் சோதனை

வேலை வழியாகக் கிரீன் கார்டு பெறும் பாதைகளில் இபி-2, இபி-3 என்ற இரண்டு பிரிவுகளில்தான் பெரும்பாலான இந்தியர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கு முதல் படி தொழிலாளர் சான்றிதழ். ‘லேபர்’ என்றும் ‘பெர்ம்’ என்றும் அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். இன்றைய பெர்ம் முறை 2005 மார்ச் 28 முதல் நடப்பில் உள்ளது. அடிப்படைக் கேள்வி ஒன்றே: இந்த வேலையை, இந்த ஊரில், நடப்புச் சம்பளத்தில் (அந்த வேலைக்கு அந்தப் பகுதியில் வழக்கமாகக் கிடைக்கும் ஊதியத்தில்) செய்யத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கிறாரா? கிடைக்கவில்லை என்று நிறுவனம் நேர்மையாகத் தேடிக் காட்டினால் தொழிலாளர் துறை சான்றிதழ் தரும். ‘அமெரிக்கத் தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் குடிமக்களோடு கிரீன் கார்டு உள்ளவர்களும், அகதிகளாகவும் தஞ்சம் பெற்றவர்களாகவும் ஏற்கப்பட்டவர்களும் அடங்குவர். செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கும், அறிவியலிலோ கலையிலோ தனிச்சிறப்பான திறன் உள்ளவர்களுக்கும் ‘ஷெட்யூல் ஏ’ என்ற விலக்கு உண்டு. அவர்களுக்கு இந்தத் தேடல் தேவையில்லை.

தேடலுக்கு முன்பு வேலையின் குறைந்தபட்சத் தகுதிகளை எழுத வேண்டும். பிழைகளில் பாதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. ஊழியரின் பயோடேட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரிடம் உள்ள ஒவ்வொரு மென்பொருள் திறனையும் ‘தேவை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது குறைந்தபட்சத் தகுதி ஆகாது. அந்த ஊழியரை முதலில் வேலைக்கு எடுத்தபோது அவரிடம் என்ன இருந்ததோ அதற்கு மேல் கேட்கவும் முடியாது. இதே நிறுவனத்தில் சேர்ந்த பிறகு கற்ற அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால், பழைய பதவியும் புதிய பதவியும் கணிசமாக வேறுபட்டவை, அதாவது வேலை நேரத்தில் பாதிக்கு மேல் செய்கிற பணிகள் ஒன்றல்ல என்று காட்ட வேண்டும்.

தகுதிகள் முடிவானதும் நடப்புச் சம்பளத் தீர்மானம் கேட்டு இடிஏ-9141 படிவம் தொழிலாளர் துறைக்குப் போகும். சம்பள நிலைகள் நான்கு. கேட்கும் படிப்பும் அனுபவமும் கூடக்கூட நிலையும் ஏறும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். வந்த தீர்மானம் 90 நாள் முதல் ஓராண்டு வரை செல்லும். அந்தக் காலத்துக்குள் ஆட்சேர்ப்பைத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பத்தையே போட்டிருக்க வேண்டும்.

நாள்காட்டியை வைத்துப் பார்த்தால்

பட்டதாரி வேலைக்குக் கட்டாயமான படிகள்: மாநில வேலைவாய்ப்பு முகமையில் 30 நாள் பணி அறிவிப்பு, அந்தப் பகுதியில் பரவலாக விற்கும் செய்தித்தாளில் இரண்டு வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமை விளம்பரம், பணியிடத்தில் தொடர்ந்து 10 வேலை நாள் ஒட்டப்படும் அறிவிப்பு. இவற்றோடு பத்து வழிகள் கொண்ட பட்டியலில் ஏதேனும் மூன்று. நிறுவனத்தின் சொந்த இணையதளம், வேறொரு வேலைதேடல் தளம், வேலைவாய்ப்பு முகாம், கல்லூரி வளாகத் தேர்வு, தொழில் சங்கம், தனியார் ஆள்சேர்ப்பு நிறுவனம், ஊக்கத்தொகையுடன் ஊழியர் பரிந்துரைத் திட்டம், கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலகம், உள்ளூர் அல்லது இனக்குழுச் செய்தித்தாள், வானொலி-தொலைக்காட்சி ஆகியவை அந்தப் பத்து.

சொந்த இணையதளம் என்பது பத்தில் ஒன்று மட்டுமே, கட்டாயம் அல்ல. ஃபேஸ்புக் வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

காலக்கணக்கு பலரைத் தடுமாற வைக்கிறது. 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை பணி அறிவிப்பு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முப்பது நாளுக்கு ஒன்றிரண்டு கூடவே விட்டு பிப்ரவரி 5 அன்று எடுக்கலாம். விளம்பரங்கள் ஜனவரி 11, 18 ஞாயிறுகளில். பணியிட அறிவிப்பு ஜனவரி 6 காலை ஏறினால், 16ஆம் தேதி வெள்ளிக்கிழமையோடு ஒன்பது வேலை நாள்தான் ஆகியிருக்கும். 19ஆம் தேதி திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை, அது கணக்கில் வராது. பத்தாவது நாள் 20ஆம் தேதி செவ்வாய். விடுமுறையை மறந்து 19ஆம் தேதி மாலை அறிவிப்பைக் கழற்றினால் ஒன்பதே நாள். அந்த ஒரு நாளுக்காக விண்ணப்பம் முழுவதும் நிராகரிக்கப்படலாம். 21ஆம் தேதி காலை கழற்றுவதே பாதுகாப்பு.

கட்டாயப் படிகள் முடிந்து 30 நாள் அமைதிக் காலம் ஓட வேண்டும். கூடுதல் மூன்றில் ஒன்று மட்டும் அந்த 30 நாளுக்குள் நடக்கலாம். ஆகவே மார்ச் 7க்கு முன் விண்ணப்பிக்க முடியாது. எந்தப் படியும் விண்ணப்பத் தேதிக்கு 180 நாளுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. முதல் படி ஜனவரி 5 என்பதால் ஜூலை 4 கடைசி எல்லை. சம்பளத் தீர்மானம் தாமதமாகும் என்று தெரிந்தும் முன்கூட்டியே விளம்பரம் கொடுத்துவிட்டு, இந்தச் சாளரம் மூடிய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தவர்கள் உண்டு.

பணியிட அறிவிப்பில் சம்பளத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். செய்தித்தாள் விளம்பரத்தில் கட்டாயமில்லை. அறிவிப்பு தொழிலாளர் சான்றிதழ் விண்ணப்பத்துக்காகவே ஒட்டப்படுகிறது என்பதும், இதுபற்றிய ஆதாரத்தை எவரும் சான்றளிக்கும் அதிகாரிக்கு அனுப்பலாம் என்பதும், அவருடைய முகவரியும் அதில் இருக்க வேண்டும். முகவரி மாறியது தெரியாமல் பழைய மாதிரியையே நகலெடுத்து ஒட்டுவது இன்னமும் நடக்கிறது. சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. இதேபோன்ற வேலைகளுக்கு நிறுவனம் வழக்கமாக உள் இணையத்திலோ மின்னஞ்சல் மடலிலோ அறிவிப்பு வெளியிடுமானால் அங்கும் வெளியிட வேண்டும்.

உறைக்குள் வந்த ஒற்றை விண்ணப்பம்

ஃபேஸ்புக்கில் சாதாரண வேலை காலியானால் வேலைவாய்ப்பு இணையதளத்தில் வரும். சில சொடுக்குகளில் விண்ணப்பிக்கலாம். பெர்ம் இடங்கள் அந்தத் தளத்தில் வரவில்லை. விண்ணப்பத்தைத் தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும் என்றது விளம்பரம். மீறி வந்த விண்ணப்பங்களையும் உரிய முறையில் பரிசீலிக்கவில்லை என்பது மனுவின் இன்னொரு பகுதி.

செய்தித்தாள் விளம்பரம் பற்றிய தொழிலாளர் துறை விதி, நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், விண்ணப்பங்கள் நிறுவனத்துக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. தபால் முகவரி மட்டும் கொடுக்கும் பழக்கம் ஃபேஸ்புக் கண்டுபிடித்ததல்ல; பெர்ம் வேலையில் ஊறியவர்கள் நீண்ட காலமாகக் கையாண்டது. ‘விதியில் தடையில்லை, எனவே சரி’ என்பது அந்தப் பழக்கத்தின் அடிப்படை.

நீதித் துறை கையில் எடுத்தது வேறொரு சட்டம். குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் 1986இல் சேர்க்கப்பட்ட பாகுபாட்டுத் தடைப் பிரிவு அது. வேலைக்கு எடுப்பதில் குடியுரிமை நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். தொழிலாளர் துறை ‘பட்டியலில் உள்ளதைச் செய்தாயா?’ என்று கேட்கும். நீதித் துறையின் கேள்வி, ‘மற்ற வேலைகளுக்கு எப்படி ஆள் தேடுகிறாயோ, இதற்கும் அப்படித்தான் தேடினாயா?’ என்பது. முதல் கேள்விக்குச் சரியான பதில் இருந்தாலும், இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். பெர்முக்கு மட்டும் தனியாக, வழக்கத்தைவிடக் கடினமான ஒரு நடைமுறை இருந்தால், அந்த வேறுபாடே பாகுபாட்டின் அடையாளமாகப் பார்க்கப்படும். 99.7 விழுக்காடு என்ற எண்ணின் வலிமை இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துத் தேர்ந்த ஒருவரின் இருக்கைக்கு, அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஆள் தேடு என்கிறது சட்டம். இந்த அமைப்பே பொருந்தாத ஒன்று என்பது எங்கள் கருத்து. ஆனால் அதற்காகக் கதவை ஒடுக்கியது சரியாகிவிடாது. வெளியே வேலை தேடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவருக்கு அந்த இடம் இருப்பதே தெரியாமல் போனது உண்மையான இழப்பு.

தீர்வும் அதன் தொடர்ச்சியும்

2021 அக்டோபர் 19 அன்று ஃபேஸ்புக் இரு துறைகளோடும் சமரசம் செய்துகொண்டது. அபராதம் 47.5 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவர்களுக்கு 95 லட்சம் டாலர் வரை. மொத்தம் 1 கோடியே 42.5 லட்சம். அந்தச் சட்டப் பிரிவின் 35 ஆண்டு வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. அதைவிட முக்கியமானவை நிபந்தனைகள். பெர்ம் இடங்களுக்கு விரிவாக விளம்பரம் செய்ய வேண்டும். விண்ணப்பங்களை மின்வழியில் ஏற்க வேண்டும். பெர்ம் ஆட்சேர்ப்பு வழக்கமான ஆட்சேர்ப்போடு நெருங்கிப் பொருந்த வேண்டும். ஊழியர்களுக்குச் சட்டப் பயிற்சி தர வேண்டும். தொழிலாளர் துறையோ, 2021இல் நிறுவனத்தின் நிலுவை விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுத்து, விதிமீறலாக இருக்கக்கூடியவற்றைக் கண்டிருந்தது. கூடுதல் ஆட்சேர்ப்புக்கும் தொடர் தணிக்கைக்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஃபேஸ்புக்கோடு இது நிற்கவில்லை. 2023 நவம்பர் 9 அன்று ஆப்பிள் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது: அபராதம் 67.5 லட்சம், இழப்பீட்டு நிதி 1 கோடியே 82.5 லட்சம். 2018, 2019 ஆண்டுகளின் ஆட்சேர்ப்பு பற்றிய குற்றச்சாட்டு ஏறக்குறைய அதேதான். வெளித் தளத்தில் விளம்பரம் இல்லை. தாள் விண்ணப்பம் மட்டும். ஆப்பிளின் சொந்த ஊழியர்கள் மின்வழியில் அனுப்பிய சில விண்ணப்பங்கள்கூடப் பரிசீலிக்கப்படவில்லை. பிறகு 2024 ஜூனில், மெட்டா என்று பெயர் மாறிவிட்ட அதே நிறுவனத்தின் மீது குடியுரிமை பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான முடிவொன்றைச் சொன்னது: 1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட 1981ஆம் பிரிவு, அமெரிக்கக் குடிமக்களுக்கு எதிரான பாகுபாட்டையும் தடுக்கிறது. அதாவது, அரசு சும்மா இருந்தாலும் தனிமனிதர் வழக்குப் போடலாம்.

நிறுவனம் இனி எப்படிச் செய்வது

வழக்கமான ஆட்சேர்ப்பை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் இதே பதவிக்கு எங்கே விளம்பரம் கொடுத்தீர்கள், எத்தனை நாள் விட்டீர்கள், விண்ணப்பம் எந்த மென்பொருள் வழியே வந்தது, யார் வடிகட்டினார், யார் நேர்காணல் செய்தார்? பெர்ம் ஆட்சேர்ப்பை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வழக்கத்தில் இணையதளம் உண்டென்றால், பத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றில் ஒன்று இணையதளமாக இருக்கட்டும். அங்கே மற்ற விளம்பரங்கள் இருக்கும் அதே பக்கத்தில், அதே தேடலில் அது அகப்பட வேண்டும். செய்தித்தாள் விளம்பரத்தில் தபால் முகவரிக்குப் பதிலாக இணைய முகவரியும் குறியீட்டு எண்ணும் கொடுக்கலாம்.

விண்ணப்பங்களை வடிகட்டுவது யார் என்பது அடுத்த கண்ணி. வழக்கறிஞர் அதைச் செய்யக் கூடாது. இதேபோன்ற மற்ற வேலைகளுக்கும் வழக்கமாக அவரே வடிகட்டுபவராக இருந்தால் மட்டுமே விலக்கு. ஸ்பான்சர் செய்யப்படும் ஊழியர் அருகிலேயே வரக் கூடாது. மேலாளரிடம் ‘உங்கள் ஆளைக் காப்பாற்ற இவரை எப்படித் தள்ளலாம்’ என்ற தொனியில் மின்னஞ்சல் போனால், அந்த ஒரு வரி பின்னாளில் கோப்பு முழுவதையும் கவிழ்க்கும்.

நிராகரிப்பதற்குச் சட்டப்படியான, வேலை தொடர்பான காரணம் வேண்டும். ‘பயோடேட்டாவில் அந்த மென்பொருளின் பெயர் இல்லை’ என்பது பல நேரம் போதாது. பயோடேட்டாவில் தெரியும் பரந்த அனுபவம், அவருக்கு அந்தத் தகுதி இருக்கக்கூடும் என்று காட்டினால், கூப்பிட்டுப் பேசித்தான் ஆக வேண்டும். 1990இல் கோர்ச்சேவ் வழக்கின் மேல்முறையீட்டில் நிலைபெற்ற கோட்பாடு இது. நியாயமான காலம் வேலையோடு பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடிய குறையைக் காட்டியும் தள்ள முடியாது. விண்ணப்பம் வந்து மூன்று வாரம் கழித்துத் தொடர்புகொண்டுவிட்டு ‘அவருக்கு ஆர்வம் இல்லை’ என்று எழுதுவது தணிக்கையில் நிற்காது. அழைத்த தேதி, நேரம், பேசியவர், சொன்ன பதில் ஆகியவற்றை அன்றே பதிந்துவைக்க வேண்டும்.

தகுதியான ஒருவர் கிடைத்துவிட்டால்? பெர்ம் விதிப்படி அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் சில மாதம் கழித்து மீண்டும் சந்தையைச் சோதிக்கின்றன. ஆனால் விண்ணப்பத்தை நிறுத்தினால் மட்டும் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதை ஃபேஸ்புக் வழக்கு காட்டிவிட்டது. வந்தவரை, வேறு எந்த விண்ணப்பதாரரையும் போல, உண்மையான வேலைக்குப் பரிசீலிக்க வேண்டும். ஆட்குறைப்பு நடந்திருந்தால் இன்னொரு வேலை சேரும்: கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில், அதே அல்லது தொடர்புடைய தொழிலில் நீக்கப்பட்டவர்களுக்குத் தகவல் தந்து பரிசீலித்ததைக் காட்ட வேண்டும். 2022-23 ஆட்குறைப்பு அலைக்குப் பிறகு பல தொழில்நுட்ப நிறுவனங்கள் பெர்மையே நிறுத்திவைத்ததன் பின்னணி இது.

எல்லாம் முடிந்தபின் ஆட்சேர்ப்பு அறிக்கையில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும். 2023 ஜூன் 1 முதல் பெர்ம் விண்ணப்பமான இடிஏ-9089 படிவம் ‘ஃபிளாக்’ என்ற இணைய வாயில் வழியே போகிறது. அரசுக் கட்டணம் இல்லை. ஆனால் வழக்கறிஞர் கட்டணம், விளம்பரச் செலவு எதையும் ஊழியரிடம் வாங்கக் கூடாது; 2007 ஜூலை 16 முதல் இது சட்டம். சம்பளத்தில் பிடித்துக்கொள்வது, ‘இரண்டு ஆண்டில் விலகினால் பெர்ம் செலவைத் திருப்பித் தருவேன்’ என்று எழுதி வாங்குவது எல்லாம் இதே தடைக்குள் வரும். சிறிய நிறுவனங்கள் விழுகிற குழி இது. தணிக்கைக் கடிதம் வந்தால் பதிலுக்கு 30 நாள்தான். செய்தித்தாளின் முழுப் பக்கம், இணைய விளம்பரத்தின் தேதியுடன் கூடிய அச்சு, வந்த எல்லா பயோடேட்டாவும் அப்போது கையில் இருக்க வேண்டும். கோப்பை ஐந்தாண்டு காக்க வேண்டும்.

ஊழியரின் பக்கத்திலிருந்து

பெர்ம் விண்ணப்பம் பதிவான தேதிதான் ஊழியரின் முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் அவருடைய இடம். வேலை வழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000; ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு உச்சவரம்பு. எந்த முன்னுரிமைத் தேதி வரை உள்ளவர்களுக்குக் கார்டு கிடைக்கும் என்பதை மாதந்தோறும் அறிவிப்பது விசா புல்லட்டின்; 2025இல் இந்தியாவுக்கான இபி-2, இபி-3 தேதிகள் அதில் 2013ஐச் சுற்றியே ஊர்ந்தன. எனவே பெர்ம் நிராகரிக்கப்பட்டு மறுபடி தொடங்கினால் போவது செலவு மட்டுமல்ல, வரிசையில் இடமும்தான்.

ஹெச்-1பி விசாவின் ஆறாண்டு வரம்பும் உடன் ஓடுகிறது. பெர்ம் விண்ணப்பித்து 365 நாள் கடந்திருந்தால் ஆறாண்டுக்குப் பிறகு ஓராண்டு வீதம் நீட்டிப்பு கிடைக்கும். ஐ-140 (பெர்முக்கு அடுத்து நிறுவனம் போடும் குடியேற்ற மனு) ஒப்புதலாகி, விசா எண் இல்லாமல் காத்திருப்பவருக்கு மூன்றாண்டு வீதம் கிடைக்கும். சம்பளத் தீர்மானம், ஆட்சேர்ப்பு, பரிசீலனை மூன்றும் இழுக்கும் காலத்தைக் கூட்டினால், மூன்றாம் ஆண்டு முடிவுக்குள் நிறுவனம் தொடங்கியாக வேண்டும். ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஒரு தணிக்கையில் மாட்டினால், குடும்பத்தோடு நாடு திரும்ப வேண்டிய நிலை வரும்.

சான்றிதழ் வந்தால் 180 நாளுக்குள் ஐ-140 மனு போக வேண்டும். தவறினால் சான்றிதழ் செல்லாது. அந்த மனுவில், முன்னுரிமைத் தேதி முதலே வாக்களித்த சம்பளத்தைத் தரும் சக்தி இருந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கோ, தணிக்கை செய்த நிதி அறிக்கையோ, ஆண்டறிக்கையோ போதும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால் நிதி அதிகாரியின் கடிதத்தை ஏற்கலாம். அந்தச் சம்பளத்தை ஏற்கெனவே கொடுத்துவருவதைக் காட்டும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவங்கள் சிறிய நிறுவனத்துக்குப் பெரிய துணை.

ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், ஊழியர் விலகியபின் நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் ஒப்புதல் தானாக ரத்தாகாது; மோசடியோ பெரும் பிழையோ கண்டறியப்படாதவரை முன்னுரிமைத் தேதி அவருடையதே. 2017 ஜனவரி 17 முதல் நடப்பில் உள்ள விதி இது. மனுதாரர் நிறுவனம் என்பதால் ஒப்புதல் அறிவிப்பு அவர்களுக்கே வரும். ஊழியர் அதன் நகலையும், இடிஏ-9089இன் நகலையும் அந்த வாரமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை மாறும்போது புதிய நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களையும்தான்.